அரை ஸ்வரம் கீழே

அகில உலக மக்களும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: பல்கலைக்கழக இசைத்துறையில் ஒரு நாற்காலி நிரந்தரமாகப் போகிறது.

சாதாரண நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். அதில் உட்காருகிறவரை வருஷா வருஷம் எழுப்பி, "அடுத்த வருஷம் நீங்க இருக்கீங்களா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓய்வு பெறும் வரை உட்காரலாம். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாலும் அதை ஆராய்ச்சி என்று எழுதிக்கொள்ளலாம். இந்த அறிவிப்பைத் துறைத் தலைவர் ஒரு கூட்டம் கூட்டி, எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு வெளியிட்டார். நம் கதைக் குடும்பத்தில் அவருக்குப் 'பேருரை' என்று பெயர். மாடி அறைச் சாவி எங்கே என்று கேட்டால்கூட இசையின் ஆன்மாவிலிருந்து ஆரம்பிக்கிற மனிதர்.

நாற்காலி ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. இரண்டு ஒப்பந்த வேலைகளை உடைத்து, அந்தப் பலகைகளைக் கொண்டு செய்தது. ஒன்று, கிளாரினெட் சொல்லிக்கொடுக்கும் அம்மாவின் வேலை. மற்றது, துறையில் யார் மேடையேறினாலும் கூடவே உட்கார்ந்து பியானோ வாசிக்கும் அப்பாவின் வேலை. ஒருவருக்கு நாற்காலி. மற்றவருக்கு வாசல்.

அம்மா விண்ணப்பித்தது ஊருக்கே தெரியும். அப்பாவும் விண்ணப்பித்தது அம்மாவுக்கு மட்டும் தெரியாது. போன வாரம் பேருரைதான் தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்து, "ஒரே வீட்டிலிருந்து இரண்டு நட்சத்திரங்கள்!" என்று வாழ்த்தி, அந்த வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. இருக்கிறது, ஆனால் மகள் வழியாகப் போய் வருகிறது.

மகளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. செயற்கைப் பல் செய்து கொடுப்பாள். "இந்த வீட்டுல ஒருத்தராவது நிம்மதியாத் தூங்கணும்" என்று சொல்லி, சின்ன வயதிலேயே இசையை விட்டு விலகிக்கொண்டவள். அந்த நிம்மதிதான் இப்போது போய்விட்டது.

இன்று இருவருக்கும் தேர்வு. அப்பாவின் தேர்வு காலையில், அம்மாவுடையது மதியம். இதில் ஒரு விசேஷம் உண்டு. தேர்வுக்கு வருகிற எல்லோருக்கும் பியானோ வாசிக்க வேண்டியது துறையின் பியானோக்காரர். துறையின் பியானோக்காரர் அப்பா. ஆகவே காலையில் தனக்காக வாசித்துவிட்டு, மதியம் தன்னைத் தோற்கடிக்க வருகிறவளுக்காக அவர் வாசிக்க வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்யப் பல்கலைக்கழகத்தால் மட்டும்தான் முடியும்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு. நேத்து ஒத்திகையில மூணாவது பக்கத்துல வேகமா ஓடிட்டார்" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

அப்பா எட்டடி தூரத்தில்தான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மூணாவது பக்கம். வேகம்."

"ஓடினது நான் இல்லைன்னு சொல்லு. மூச்சு வாங்காம முன்னாடி போனது யாருன்னு கேளு."

"அம்மா, மூச்சு வாங்காம…"

"கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தானே இவ்வளவு நாளா சம்பளம் குடுத்தாங்க."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயைத் திறங்க" என்றாள் மகள். "என் வேலையில நான் திறங்கன்னு சொன்னா, முன்பின் தெரியாதவங்க எல்லாம் திறக்கறாங்க. நீங்க பெத்தவங்க!"

யாரும் திறக்கவில்லை. அப்பா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, யாருக்கும் இல்லாமல், "போயிட்டு வரேன்" என்றார். அம்மாவின் உதடு ஒரு கணம் அசைந்தது. ஆனால் ஒரு வாரப் பழக்கம் அதை மூடிவிட்டது.

காலைத் தேர்வு முடிந்து வெளியே வந்த அப்பாவிடம், எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அரை நாள் விடுப்பு போட்டு வந்திருந்த மகள்தான், "முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுது" என்றார்.

மதியம், சின்ன அரங்கில், பேருரை ஒரு கேமராவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"வரலாற்றுக்காக" என்றார். "நாளைய தலைமுறை இந்தத் தேர்வைப் பார்க்கும்."

நாளைய தலைமுறை இதைவிட நல்ல விஷயம் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும் என்று நம்புவோம். ஆனால் அந்தக் கேமராவுக்காக அம்மா நிற்கிற இடத்தை அவர் மாற்றினார். வழக்கமாகப் பியானோ அம்மாவின் இடக்கைப் பக்கம் இருக்கும். அங்கே நின்றால் விளக்கொளி கேமராக் கண்ணாடியில் பட்டு அடிக்கிறதாம். "அம்மையார் அந்தப் பக்கம் வந்துடட்டும்" என்றார். அம்மா அந்தப் பக்கம் வந்தாள். பியானோ இப்போது அவள் வலக்கைப் பக்கம்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிளாரினெட் வாசிக்கிறவர்களிடம் இரண்டு கருவிகள் இருக்கும். பார்த்தால் இரட்டைக் குழந்தைகள். ஒன்று மட்டும் விரற்கடை நீளம் கூட. இந்த வீட்டில் குட்டையானது சின்னவன், நீளமானது பெரியவன். சில பாட்டுகளுக்கு இவன், சிலவற்றுக்கு அவன். சின்னவனுக்கு எழுதியதைப் பெரியவனில் வாசித்தால், விரல் அதேதான், மூச்சு அதேதான், ஆனால் மொத்தமும் அரை ஸ்வரம் கீழே இறங்கி ஒலிக்கும். தனியாகக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கூடப் பியானோ சேர்ந்தால் தெருநாய்க்குக்கூடத் தெரியும்.

கல்யாணம் ஆனதிலிருந்து மேடைக்கு முன்னால் அந்த இரண்டையும் கைச்சூட்டில் வைத்து, ஊதிச் சூடாக்கி, தாங்கியில் நிறுத்துவது அப்பாவின் வேலை. குளிர்ந்த கருவி சுருதி இறங்கிவிடும். 'பியானோ ஓரம் பெரியவன்' என்று அவர் வைப்பார். 'வலக்கைக்குச் சின்னவன்' என்று அவள் எடுப்பாள். இத்தனை வருஷமாக இரண்டு விதிகளும் ஒன்றாகவே இருந்தன. போதாததற்கு, "பெரியவன் என் பக்கம்" என்று அவர் மெல்லச் சொல்வார்; அவள் "ம்" என்பாள்.

இன்று அவர் இரண்டையும் சூடாக்கினார். யாருடனும் பேசாத ஒரு மனிதர், ஒரு மரக்குழலை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்க மகளுக்கு என்னவோ போலிருந்தது. பிறகு போய் பியானோ ஓரம் பெரியவனை நிறுத்தினார். வாய் திறந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாய் மூடியது.

தூது போகிறவளோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். பேருரை நடுவில். இந்தப் பக்கம் நிர்வாகத்திலிருந்து ஒருவர். அவர் தன் கைபேசியைத் தேர்வு செய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த நிபுணர், வயதான அம்மாள், இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று பேருரை நினைத்தார். மூன்று பேரில் காது உள்ளவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.

அம்மா வணங்கினாள். முதல் பாட்டு சின்னவனுக்கு, இரண்டாவது பெரியவனுக்கு. வலக்கையை நீட்டி எடுத்தாள். பாட்டைக் கிளாரினெட் தனியாகத் தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பியானோ சேரும்.

முதல் ஸ்வரத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

விரல்களுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடுதல். ஒலி கொஞ்சம் கனம். கையில் இருப்பது பெரியவன். நிறுத்த முடியாது, நிறுத்தினால் தேர்வில் தவறான கருவியை எடுத்தவள் என்று கேமரா சொல்லும், நாளைய தலைமுறை பார்க்கும். வாசித்துக்கொண்டே போனாள். புருவம் மட்டும் ஏறியது.

அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கை கட்டைகளுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. அவர் நுழைய இன்னும் சில மூச்சு நேரம்.

எதிரே இருக்கும் தாளில் இருப்பதை வாசித்தால் போதும். அதற்குத்தான் அவரை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். குற்றமில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவர் தாளில் உள்ளபடி நுழைவார், அரங்கில் ஓர் ஓலம் எழும், அவள் நிறுத்துவாள், பேருரை கண்ணைத் திறப்பார். அத்தோடு நாற்காலி அவருக்கு.

வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை.

அவர் இரண்டு கைகளையும் ஒரு கட்டை இடப்பக்கம் நகர்த்தி நுழைந்தார்.

சொல்லும்போது எளிது. ஒரு புத்தகத்தை உரக்கப் படிக்கும்போது, ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு முந்தைய எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். அதையும் தடுமாறாமல், உணர்ச்சியோடு சொல்லிப் பாருங்கள். அதைத்தான் அவர் பக்கம் பக்கமாகச் செய்தார். கண் பார்ப்பது ஒன்று, கை போவது வேறொன்று. மூன்றாவது பக்கத்தில் அம்மா வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தாள். அவர் மூச்சு விட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் இருவரும் பேசிக்கொண்டது அதுதான்.

கடைசி வரிசையில் மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் காது மடல் சிவந்திருந்தது மட்டும் தெரிந்தது. அவருக்குக் காய்ச்சல் வரும்போதுதான் அப்படிச் சிவக்கும்.

முடிந்தது. நிர்வாகத்துக்காரர் தலையைத் தூக்காமல் கை தட்டினார்.

"என்ன ஒரு இருள்! என்ன ஒரு ஆழம்!" என்றார் பேருரை. "இந்தப் பாட்டை இவ்வளவு கனமா நான் கேட்டதே இல்லை."

கேட்டிருக்க முடியாதுதான்.

இருமல் மிட்டாய் அம்மாள் கண்ணைத் திறந்தார். "ரொம்ப அழகா இருந்துச்சு. ஒரு சின்ன உதவி. ரெண்டாம் பக்கம் நடுவுல, ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிக்கிற இடம் ஒண்ணு இருக்கே, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா?"



அம்மா தாங்கிப் பக்கம் குனிந்தாள். பியானோவின் தாள் பலகை மறைத்ததால் அவள் எதை எடுக்கிறாள் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. இந்த முறை இருவரும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டு நுழைய வழி இல்லை. ஒரு வார்த்தை போதும். சின்னவன் என்றோ பெரியவன் என்றோ.

அம்மா நிமிர்ந்தாள். பழக்க தோஷத்தில் கடைசி வரிசையைப் பார்த்தாள், மகளைத் தேடினாள். 'உங்க அப்பாகிட்ட சொல்லு.' மகள் பாதி எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள்.

அம்மா நினைத்தாள்: பாவம், திரும்பவும் அவரைத் தவிக்க விட வேண்டாம், சரியானதை எடுத்துவிடுவோம். அப்பா நினைத்தார்: இப்போது மாற்றினால் வித்தியாசம் தெரிந்துவிடும், அவள் மாற்ற மாட்டாள்.

இரண்டு நல்ல மனசுகள் சேர்ந்து தொடங்கின. அம்மா சின்னவனில், அப்பா ஒரு கட்டை கீழே.

அந்த ஒலியை எழுத்தில் கொண்டுவர முடியாது. மகள் மட்டும் தன் பணியிடத்தில் அதைக் கேட்டிருக்கிறாள், மயக்க ஊசி வேலை செய்யாத நாட்களில்.

"துணிச்சலான விளக்கம்!" என்றார் பேருரை. "நவீனம்!"

"சார், கொஞ்சம் இருங்க" என்றார் மிட்டாய் அம்மாள். பிறகு அம்மாவிடம், "இப்ப கையில இருக்கிறது சரியான கருவி. முதல்ல இருந்தது?"

அம்மா கருவியைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பியானோப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நான்தான் மேடம் வச்சேன். எல்லாத் தடவையும் நான்தான் வைப்பேன். என் மேல தப்பு."

நல்ல எண்ணத்தோடு சொன்னார். ஆனால் நல்ல எண்ணத்துக்குப் பேருரையின் காதில் இடம் கிடையாது. அவர் மெல்ல எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆக, ஒரு போட்டியாளர், இன்னொரு போட்டியாளருடைய கருவியை மாத்தி வச்சிருக்கார். இது விசாரணைக்குரிய விஷயம். நான் இதை மேலிடத்துக்கு…"

நிர்வாகத்துக்காரர் முதல் முறையாகக் கைபேசியைக் கீழே வைத்தார். நாற்காலி போகட்டும், வாசல்கூட இப்போது அவப்பெயரோடுதான்.

"சார்" என்றாள் அம்மா.

அந்தக் குரலைத்தான் அவள் வகுப்பில் கடைசி மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குப் பயன்படுத்துவாள்.

"கண்ணைத் திறந்துட்டுக் கேளுங்க சார். அவருக்கு என்னைக் கவுக்கணும்னா ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லை. தாள்ல இருக்கிறதை வாசிச்சிருந்தா போதும். நான் அங்கேயே முடிஞ்சிருப்பேன். முழுப் பாட்டையும் கீழ இறக்கி வாசிச்சிருக்கார், சார். ஒத்திகை பாக்காம. ஒரு இடத்துல தடுக்கலை. உங்களுக்குத் தெரியவே இல்லை, இருள்னீங்க, ஆழம்னீங்க. இந்தத் துறையில வேற யாரால முடியும்? என்னால முடியாது. உங்களால முடியுமா?"

பேருரை வாழ்க்கையில் முதன்முறையாகச் சின்ன பதில் சொன்னார். "அது வந்து…"

"எந்தக் கட்டையில கேட்டாலும் வாசிப்பாரா?" என்று கேட்டார் மிட்டாய் அம்மாள், சாதாரணமாக.

"தூக்கத்துல எழுப்பி விட்டுக் கேட்டாலும் வாசிப்பார்" என்றாள் அம்மா. சொல்லும்போது அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஒரு வாரமாக அழுத்தி வைத்திருந்த ஏதோ ஒன்று அந்த வாக்கியத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. "மாணவர்கள் எத்தனை தப்பு பண்ணினாலும் கூடவே விழுந்து, கூடவே எழுந்து கரை சேர்ப்பார். நான் பாத்திருக்கேன்."

மிட்டாய் அம்மாள் புதிய மிட்டாய் ஒன்றைப் பிரித்தார். "போதும்மா. நன்றி."

இரண்டாவது பாட்டை யாரும் கேட்கவில்லை.

காரை அப்பா ஓட்டினார். பக்கத்தில் மகள். பின்னால் அம்மா, கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. சிக்னல்கள் எல்லாம் சிவப்பாகவே விழுந்தன.

"அம்மா, சூப்பர்மா" என்றாள் மகள். "அந்தாளு வாயடைச்சுப் போய் நின்னான் பாரு! எங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா அந்த நேரத்துல நாலு பல்லு புடுங்கியிருக்கலாம்."



"ஏங்க" என்றாள் அம்மா.

காரின் வேகம் தானாகக் குறைந்தது. தூதுவர் இல்லாமல் வந்த முதல் வார்த்தை.

"வேணும்னே வச்சீங்களா?"

அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "இப்பத்தானே அங்க அவ்வளவு சொன்னே."

"அங்க சொன்னது அங்க. இங்க நான் கேக்கறேன்."

"அம்மா…" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. இது உன் வழியா வர்ற பேச்சு இல்லை."

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.

"எப்பவும் வைக்கிற மாதிரிதான் வச்சேன்" என்றார் அப்பா.

"நானும் எப்பவும் எடுக்கிற மாதிரிதான் எடுத்தேன்."

"அப்ப எப்படி மாறும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கேமராவுக்காக அம்மா இடம் மாறி நின்றது அந்தக் காரில் யாருக்கும் நினைவு வரவில்லை. அப்பா வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கின் மேல் அவர் விரல்கள் தாமாகவே ஏதோ வாசித்துக்கொண்டிருந்தன. மேலேயா கீழேயா என்று தெரியவில்லை.

"விண்ணப்பம் போட்டதை உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். "ரெண்டு பேரும் போட்டா ஒருத்தருக்காவது கிடைக்கும்னு நினைச்சேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உனக்குக் கிடைக்காதுன்னு நான் நினைக்கிற மாதிரி ஆயிடும்னு."

"நினைச்சீங்களா?"

அப்பா பதில் சொல்ல ஒரு கணம் எடுத்துக்கொண்டார். இசைக்காரர் வீட்டில் ஒரு கண இடைவெளி மிக நீளமானது. அம்மா பெட்டியின் பூட்டைத் திறந்து, மறுபடியும் மூடினாள்.

அப்போது அப்பாவின் கைபேசி அடித்தது. அது காரின் ஒலிபெருக்கியோடு இணைக்கப்பட்டிருந்தது. பேருரையின் குரல் நான்கு கதவுகளிலிருந்தும் பொழிந்தது. இசையின் ஆன்மா என்றார். நம்பிக்கை என்பது ஒரு மெல்லிய நரம்பு என்றார். துறையின் வருங்காலம், குழுவின் ஒருமித்த கருத்து, வெளி நிபுணரின் பரிந்துரை என்று போய்க்கொண்டே இருந்தார். விசாரணை எதுவும் இல்லை என்றார். மகள் மூச்சை விட்டாள்.

"முக்கியமா உங்க மனைவியோட சாட்சியம். அதுதான் எங்க கண்ணைத் திறந்துச்சு. அவங்ககிட்ட என் நன்றியைச் சொல்லிடுங்க."

"சொல்றேன் சார்" என்றார் அப்பா.

வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. அம்மாவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.